எழும்பாத பந்து

காலையிலிருந்து எத்தனையோ அடி வாங்கியும் அந்த கோல்ஃப் பந்து தரையைவிட்டு எழும்பவே இல்லை. புல்லில் உருண்டு உருண்டு அதற்கு அலுத்துவிட்டது.

"என்னால முடியலண்ணே," என்றது இரும்பு மட்டையிடம். "இந்தத் தயாளன் சார் என்னை விடவே மாட்டாரா?"

"அவர் எங்கே உன்னை அடிக்கிறாரு?" என்றது மட்டை. "தோசையைத் திருப்புற மாதிரி அடியில விட்டுக் கிண்டுறாரு. உன்னைத் தூக்கத்தான் என் முகத்தையே சாய்வா செஞ்சிருக்காங்க. உன்னைப் பார்த்து என்னை இறக்கினாப் போதும். அவரோ அடிக்கிறதுக்கு முன்னாடியே வானத்தைப் பார்க்கிறாரு."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"கையில சுரீர்னு சொல்லிப் பார்த்தேன். மட்டை சரியில்லைன்னுட்டாரு."

அண்ணாந்து அண்ணாந்து தயாளனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடியே, எப்படியோ போய்த் தொலை என்று மட்டையை இறக்கினார்.

'டக்'கென்று ஒரு சத்தம். கையில் அதிர்வே இல்லை. பந்து விர்ரென்று கிளம்பி மரங்களுக்கு மேலே போனது.

"அண்ணே, பறக்கிறேன்! சார் பார்க்கிறாரா?" என்று அங்கிருந்து கத்தியது.

தயாளன் மட்டையை வைத்துக் காலடிப் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனியன், இங்கேதான் எங்கேயாவது உருண்டு கிடக்கும்."