ஈசானி மூலை

“தொறக்க மாட்டேன்னா தொறக்க மாட்டேன்! கடப்பாரையைக் கீழ வை!”

சுற்றுச்சுவருக்குள் இருந்த வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ரங்கசாமி கத்தினார். கடப்பாரையும் கையுமாக எதிரே நின்றவள் அவர் மனைவி கங்கம்மாள்.

“யோவ், நாளைக்கு அத்திப்பட்டுல வளைகாப்பு. முடிச்ச கையோட பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டியாறணும். சம்பந்தியம்மா இன்னா சொன்னாங்க? ‘நானும் கூட வருவேன், வாசல்ல தண்ணி நின்னா மருமவளைத் திருப்பிக் கூட்டிக்கினு பூடுவேன்’னாங்களா இல்லியா? தலைப்பிரசவம் தாய்வூட்ல நடக்கலைன்னா கும்மிடிப்பூண்டியே சிரிக்கும்யா! தண்ணி போற ஜலதாரையை அடைச்சி வெச்சிருக்கியே, அத்த இடிச்சி வுடு!”

“அத்த இடிச்சா வம்சமே பூடும்டி!”

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

மகள் பச்சையம்மாவுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. போன மாசியில் பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு மனையடி சாஸ்திரக்காரர் வந்தார். வாசலைச் சுற்றிப் பார்த்தார். “கன்னி மூலையில ஜலதாரையா? அடப்பாவமே! வம்சமெல்லாம் தண்ணியோட வெளிய போவுது. ஈசானி மூலைக்கு மாத்து” என்றார்.

ரங்கசாமி அன்றைக்கே கன்னி மூலை ஓட்டையைச் செங்கல் வைத்துச் சிமெண்டால் பூசினார். ஈசானி மூலைச் சுவரில் புதுசாக ஒரு ஓட்டை போட்டார். அவ்வளவுதான், பங்குனி கழிவதற்குள் பச்சையம்மாவுக்கு மசக்கை! இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஒரே ஒரு சின்னச் சிக்கல். ஈசானி மூலை மேடு, கன்னி மூலை பள்ளம். வெயில் காலத்தில் யாருக்குத் தெரிந்தது? ஐப்பசி அடைமழை வந்து மானத்தை வாங்கிவிட்டது.

பூசின அன்றைக்கே பக்கத்து வீட்டுத் துலுக்காணம் சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சிரித்தான். “அண்ணே, தண்ணி பள்ளம் பாத்துப் போவுமா, மூலை பாத்துப் போவுமா?”

சாஸ்திரத்தையே நக்கல் பண்ணுகிறவனோடு என்ன பேச்சு? அன்றோடு சரி. அவன் எதிரே வந்தால் ரங்கசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஒரு தடவை அப்படி நடந்து மாட்டு மேலேயே முட்டிக்கொண்டார்.

“ஓரமா நில்லுடி. தண்ணியை நான் தள்ளிக் காட்டறேன்.”

ரங்கசாமி ஒரு பலகையை எடுத்து, தண்ணீரை ஈசானி மூலைக்குத் தள்ளினார். அது ஆசையாகப் போய் ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. வாளியில் மொண்டு ஊற்றினார். பாதி வெளியே போனது, பாதி அவர் மேலேயே வந்தது. சறுக்கி உட்கார்ந்தவரைப் பார்த்துக் கங்கம்மாளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் அவளும் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் கன்னி மூலையை நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஈசானி பாத்துக்கும், வா” என்று மனைவியை இழுத்துக்கொண்டு ரயிலேறினார்.

சாயங்காலம். கொட்டுகிற மழையில் ஜட்கா வந்து நின்றது. கைநிறைய வளையலோடு பச்சையம்மா இறங்கினாள். சம்பந்தியம்மா தாயாரம்மாள் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துத் தயாராக இறங்கினாள்.

கதவைத் தள்ளினார்கள்.

வாசலில் ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை! பெய்கிற மழை சலசலவென்று ஒரு பக்கமாக ஓடிப்போய்க்கொண்டே இருந்தது.

தாயாரம்மாள் தூக்கின புடவையை இறக்கிவிட்டாள். “இன்னா சம்பந்தி, குளம்னாங்க?”

“யாரு சொன்னது குளம்னு?” ரங்கசாமி துள்ளினார். “எல்லாம் ஈசானி மூலை மகிமை! ஏ கங்கு, பாத்தியா? பாத்தியாடி? கடப்பாரை தூக்கினியே!”

கங்கம்மாள் வாயைப் பிளந்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாயாரம்மாளுக்குக் காபி போட்டார்கள். அவளும் தன் வீட்டு ஜலதாரை எந்த மூலையில் இருக்கிறது என்று கவலையோடு விசாரித்தாள்.

ரங்கசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. இதைத் துலுக்காணத்திடம் சொல்லாமல் எப்படித் தூங்குவது? துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

அடேயப்பா! துலுக்காணம் வாசலில் இடுப்பளவுத் தண்ணீர். கோழிக் கூடை மிதந்தது. ஆட்டுக்குட்டி கட்டில் மேல் நின்றது. அவன் பெண்டாட்டி முத்தம்மா பெஞ்சு மேல் அடுப்பை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

‘சாஸ்திரத்தை நக்கல் பண்ணியே, வேணும்டா உனக்கு!’ வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் முத்தம்மா சீறினாள்.

“உனக்குப் புத்தி கித்தி இருக்காய்யா? அவங்க இல்லாத நேரம் பாத்து சுவத்துக்கடியில ஓட்டை போட்டு, அவங்க வூட்டுத் தண்ணியெல்லாம் நம்ம வூட்டுக்குள்ள இழுத்து வுட்டுக்கினு நிக்கிறியே! அந்தாளு நம்மளை மூஞ்சி குடுத்துக்கூடப் பாக்கறதில்ல!”

“மெள்ளப் பேசுடி, காதுல வுழுந்தா வந்து அடைச்சிடுவாரு” என்றான் துலுக்காணம், தண்ணீரில் தடவித் தடவிக் கோழிக் கூடையைப் பிடித்தபடி. “கன்னி மூலையை நான் தொடல, தள்ளித்தான் தோண்டினேன். நீயும் நானும் வழுக்கி வுழுந்தா சிரிச்சிக்கினு எழுந்துக்கலாம். மாசமா இருக்கிற பொண்ணு வுழலாமா?”