விடுதி ஓநாய்

ஓட்டிலியா பேசிக்கொண்டே இருந்தாள். மகன் மத்தேஸ் வாயைத் திறக்கவில்லை. சுரங்கப் புழுதி ஏறிய அவள் முக்காட்டுக்கு வெட்கப்படுகிறான் என்றுதான் விடுதி முற்றத்தில் போனவர்கள் நினைத்தார்கள்.

"மான்ஸ்ஃபெல்டு சுரங்கத்துலேருந்து செம்பு வண்டியில குலுங்கிக் குலுங்கி வந்திருக்கேன். ஒன் வாயைத் தச்சு வச்சிருக்காங்களா?"

"அன்னையே, யான் நலம்," என்றான் லத்தீனில்.

"சாமியார் மாதிரி பூசை வைக்காதடா. எங்கிட்டப் பேசு."

வெட்கமில்லை, பயம். எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் அந்த மாணவர் விடுதிக்குள் லத்தீன் தவிர வேறு பேச்சுக் கூடாது. மாணவர்களில் ஒருவனையே விடுதித் தலைவர் ரகசியமாக வேவு பார்க்க வைத்திருந்தார். 'ஓநாய்' என்பார்கள், அது யார் என்று யாருக்கும் தெரியாது. ஜெர்மன் பேசியவன் பெயர் அன்று சாயங்காலமே தலைவர் காதுக்குப் போய்விடும்.

மத்தேசோடு ஒரே கட்டிலில் படுக்கிற கிலியான் பக்கத்தில் வந்து ஜெர்மனில் முணுமுணுத்தான். "பேசித் தொலைடா, பாவம். யாராவது வந்தா இருமுறேன்." போய் மூலையில் நின்றுகொண்டான்.

மத்தேஸ் உடைந்துபோய்ப் பேசினான்.

"அம்மா, ஏற்கெனவே ரெண்டு தடவை மாட்டிக்கிட்டேன். இன்னொரு தடவைன்னா பேரை அடிச்சு வெளிய தள்ளிடுவாங்க."

"தள்ளினா?"

"ஊருக்குத்தான். ஆனா செத்தாலும் அந்தச் சுரங்கக் குழிக்குள்ள எறங்க மாட்டேன். படிச்சு முடிச்சுப் பாதிரியாராத்தான் வருவேன். அப்பா எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன."

தாழ்ந்த குழியில் ஒருக்களித்துப் படுத்துப் பாறை வெட்டுகிறவர்களுக்குக் கழுத்து கோணிவிடும். அவள் மகனுடைய நேரான கழுத்தைத் தடவினாள். தோளை அழுத்திப் பார்த்தாள். "நல்லா வளந்துட்ட," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கிலியான் இருமவே இல்லை.

சாயங்காலம் தலைவர் எல்லோர் முன்னாலும் பதிவேட்டைத் திறந்தார். "மத்தேஸ், இன்று முற்றத்தில் ஜெர்மன் பேசினாயா?"

அவன் ஒப்புக்கொண்டான். தலைவர் அவன் பெயரின் மேல் கோடு இழுத்து, 'தாய்மொழி பேசியதால் நீக்கம்' என்று ஓரத்தில் எழுதினார். ஐந்நூறு வருஷம் கழித்து அந்த ஏட்டைப் புரட்டி ஆராய்கிறவர்களுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். சொன்னது யார் என்று அதில் இல்லை.

அது மத்தேசுக்குத் தெரிந்திருந்தது. மூலையில் நின்றவன் ஒருவன்தானே! கிலியானின் மூக்கில் குத்தினான்.

"என்னைப் பேச வச்சதே நீதானடா, ஓநாய்ப் பயலே! என் ரொட்டியத் தின்னுட்டு..."

"நான் இல்லடா! சத்தியமா நான் இல்ல!" ரத்தம் ஒழுகக் கத்தினான் கிலியான். கத்தியது ஜெர்மனில். தலைவர் மறுபடி மையைத் தொட்டார்.

துணி மூட்டையோடு மத்தேஸ் நகர வாசலுக்கு வந்தபோது செம்பு வண்டி இன்னும் கிளம்பாமல் நின்றது. ஓட்டிலியா மேலே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள்.

"கூடப் படுத்தவனே காட்டிக் குடுத்துட்டாம்மா. அவன் மூக்கை உடைச்சிட்டுத்தான் வந்தேன்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ளைய ஏன்டா அடிச்ச? தலைவர்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அப்பாவைப் பொதைச்சாச்சு, சுரங்கக் குழிக்கு நம்ம வீட்டு ஆள் வேணும்."