வெறுந்தண்ணீர் மீன்கள்

“மருந்துத் தொட்டியிலயும் பத்துக்கு எட்டு. வெறுந்தண்ணித் தொட்டியிலயும் பத்துக்கு எட்டு. அப்புறம் மருந்து எதுக்கும்மா?”

பேராசிரியர் கேட்டதும் அவள் கணக்கேட்டை மறுபடி புரட்டினாள். மூன்று வருட ஆராய்ச்சி. மருந்து கொடுத்து மூளையில் டோபமைன் சுரப்பைக் கூட்டினால் மீன் சீக்கிரம் கற்கும், கற்றதை மறக்காது என்பது அவள் கட்சி. சிவப்பு விளக்கு எரிந்தால் இடது மூலையில் தீனி விழும். அதைப் பத்து நாளில் எத்தனை மீன்கள் பிடித்துக்கொள்கின்றன என்பதுதான் பரீட்சை.

“இன்னும் ஒரு தடவை சார்.”

“இதையேதான் போன தடவையும் சொன்னே. இப்பவும் வித்தியாசம் வரலேன்னா தொட்டியெல்லாம் அடுத்த குழுவுக்குப் போயிடும். உன் ஆராய்ச்சியை மூட்டை கட்டிட வேண்டியதுதான்.”

“வரும் சார். வர வைக்கிறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. மருந்து கசிகிறதோ என்று தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினாள். புது மீன்களை விட்டாள். இரண்டு தொட்டிகளையும் அறையின் இரு கோடிக்குத் தள்ளினாள். காலை எட்டு மணிக்கு இரண்டுக்கும் ஒரே அளவு பயிற்சி. ஒரு நிமிடம் கூடாது, குறையாது. மாலையில் பக்கத்து அறைக் கணினியில் கணக்கெழுதி முடிக்கும் வரை, அழைத்துப்போக வரும் கணவன் தொட்டி அறையில் காத்திருப்பான். ஒன்றாம் வகுப்பு ஆசிரியன், பொறுமைசாலி.

“எப்படிப் போகுது?” என்பான் வண்டியில்.

“போகுது.”

தோல்வியை வீட்டுக்குக் கொண்டுபோவது அவளுக்குப் பிடிக்காது. அவனிடம் மூச்சுவிடவில்லை.

ஒன்பதாம் நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. தொட்டி அறைக் கதவைத் திறந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வெறுந்தண்ணீர்த் தொட்டி மேல் குனிந்திருந்தான் கணவன், விரலிடுக்கில் ஒரு சிட்டிகை தீனியோடு.

“சிவப்பு எரிஞ்சா எந்தப் பக்கம் போகணும்? ஆங், அப்படி வாங்க கண்ணுங்களா. டேய் குண்டா, உனக்குத் தனியா சொல்லணுமா?”

“என்னங்க பண்றீங்க?”

திடுக்கிட்டு நிமிர்ந்தவன் அசடு வழியச் சிரித்தான். “முதல் தடவையே கவனிச்சேன், வெறுந்தண்ணி மீனுங்க மட்டும் பின்தங்கி நின்னுச்சு. மருந்தும் கிடையாது, பாவம். என் வகுப்புப் பசங்களா இருந்தா விடுவேனா? அன்னிலேருந்து தினம் அரை மணி நேரம் நடத்திட்டு இருக்கேன். சொன்னா நீ கிண்டல் பண்ணுவே.”

மூன்று சோதனையும் போனது இவனாலா? அவளுக்கு ஆத்திரம் வந்தது. எதிர்க்கோடியைக் காட்டினாள்.

“அந்த மருந்துத் தொட்டிக்கும் நடத்தினீங்களா?”

“அதுங்களுக்கு எதுக்கு? தொட்டியில நீ ஒட்டி வைக்கிற மார்க்கைத்தான் பாக்குறேனே. இதுங்ககிட்ட நீ காலையில ஒரு பாட்டம், நான் சாயங்காலம் ஒரு பாட்டம் கத்தி வாங்குற எட்டை, அதுங்க நீ சொல்றதை மட்டும் கேட்டே வாங்கிடுதே.”