ஐந்தாவது பொத்தான்

நெவில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது பொத்தானை டோரின் அழுத்திவிட்டால் எல்லாம் நாசம்.

"தள்ளு நெவில், அதையும் கேட்டுடலாம்."

"அது பழுதும்மா. வேலை செய்யல."

"பழுதா? மத்ததெல்லாம் நல்லாத்தானே பேசுச்சு!" யார் எதைச் சொன்னாலும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் டோரின் பதிலுக்கே வருவார். அந்தப் பழக்கம்கூட நெவிலுக்குப் பிடித்திருந்தது. இல்லாவிட்டால் இந்த வயதில் சட்டைப்பையில் மோதிரத்தோடு திரிவாரா?

ரேடியோவில் கூப்பிட்டால் தொலைதூரப் பண்ணைகளுக்கு விமானத்தில் வந்து வைத்தியம் பார்த்த 'பறக்கும் டாக்டர்'களின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றது டோரின்தான். சரி, அங்குள்ள தேநீர்க் கடையிலேயே கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டுவிடலாம் என்று நெவில் போன வாரம் தனியாக வந்து இடம் பார்த்தார். வந்த இடத்தில்தான், டாக்டருக்கு வந்த பழைய ரேடியோ அழைப்புகளைப் பொத்தானை அழுத்திக் கேட்கும் இந்த அறை கண்ணில் பட்டது. ஐந்தாவது பொத்தானை அழுத்தினால் இருபத்திரண்டு வயது நெவில் பேசினான்.

அதன்பின் ஆற்றங்கரைக்குப் போகலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். டோரின் மசியவில்லை. போதாக்குறைக்கு, "வாழ்க்கையில ஒருதடவைகூட நான் டாக்டரைக் கூப்பிட்டதில்ல" என்று நெவில் அவரிடம் வேறு அளந்து வைத்திருந்தார்.

"ஏன் இப்படி வேர்க்குது? டாக்டரை வரச் சொல்லவா?" டோரின் கண்ணைச் சிமிட்டினார். "அட, மறந்துட்டேன். நீதான் கூப்பிடவே மாட்டியே!"

நெவில் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். 'க்ளிக்' என்றது. மறைக்கப் போன பின்புறமே பொத்தானை அழுத்திவிட்டது.

முதலில் கரகரப்பு. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் இளைஞனின் முனகல். "ஒண்ணும் கேக்கலப்பா!" என்று டாக்டர் கத்தினார். உடனே, நடுவழியில் இருந்த ஏதோ ஒரு பண்ணையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கணீரென்று குறுக்கே வந்தது.

"எனக்குக் கேக்குது டாக்டர், நான் சொல்றேன். குல்காரா பண்ணையில ஒருத்தருக்குக் கட்டியாம். குதிரையில உட்கார முடியலையாம்."

"கட்டி எங்கம்மா?"

"அது... உட்கார்ற இடத்துல, டாக்டர்."

"எங்க? சத்தமாச் சொல்லும்மா!"

"பின்னாடி டாக்டர், பின்னாடி! இடப்பக்கம்! எலுமிச்சம்பழம் அளவுக்காம்!"

அறையிலிருந்த சுற்றுலாக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டோரின் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய்த் தரையைப் பார்த்தார். நெவில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார். அன்று மானத்தை வாங்கிய அதே பின்புறம் இன்று கல்யாணத்தையும் கெடுத்துவிட்டது.

இனி மறைத்து என்ன பயன்?

"அது நான்தான், டோரின். கூப்பிட்டதே இல்லைன்னு சொன்னது பொய்."

டோரின் குனிந்தபடியே கைப்பையின் வாரைத் திருகினார்.

"அப்போ ஒரே அலைவரிசைதானே, அத்தனை பண்ணையிலும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டுட்டாங்க. அந்த வருஷம் குதிரைப் பந்தயத்துக்குப் போறேன், ஆளாளுக்குத் தலையணையைக் கொண்டுவந்து நீட்டறாங்க. எல்லாம் அந்தப் பொண்ணோட வேலை! யாருன்னு இன்னிவரைக்கும் தெரியல. தெரிஞ்சா விடவே மாட்டேன்."

டோரின் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"டாக்டர்தானே என்னைச் சத்தமாச் சொல்லச் சொன்னாரு, நெவில்!"