தினமும் வரும் முகம்

பதினாறு வயதில் அந்தப் பாப் பாடகர் மேடையேறினால் பெண்கள் மயங்கி விழுவார்கள். நாற்பத்தைந்தில் ஒரு சீரியல் இயக்குநர் மட்டும்தான் கூப்பிட்டார்.

"சார், அந்த வீட்டுக்கே நீங்கதான் அப்பா. தினமும் உங்க முகம் வரும். கதாநாயகி எதுக்கெடுத்தாலும் உங்க முன்னாடி வந்துதான் அழுவா."

"ஷூட்டிங் எப்ப?"

"முதல்ல போட்டோ எடுத்துடலாம் சார். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

போய் விதவிதமாகச் சிரித்துவிட்டு வந்தார். இந்தக் காலத்துப் பையன்களுக்கு நடிப்பே வரவில்லை என்று பேட்டியும் கொடுத்தார்.

முதல் நாள் ஒளிபரப்பைப் பார்க்க மாமனார் வீடே டிவி முன்னால் கூடியது.

கதாநாயகி அழுதுகொண்டே வந்து சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போனதுக்கப்புறம் எங்களுக்கு யாருப்பா இருக்கா?"

சட்டம் போட்ட படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் மெல்லச் சொன்னார்: "மாப்பிள்ளை கண்ணைக்கூட இமைக்காம நடிச்சிருக்காரு."