மருந்தில்லாத தக்காளி

"பாதி விளைச்சலை வெச்சுக்கிட்டு முழுக் கடனை எப்படிங்க கட்டுவீங்க?" என்று கேட்டார் வங்கி மேனேஜர்.

எதிரே தக்காளிக்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். ரசாயன உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அடியோடு விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு மாற அவருக்குக் கடன் வேண்டும். கிடைக்காவிட்டால் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

"உரச் செலவு இல்லை, மருந்துச் செலவு இல்லை. அதெல்லாம் மிச்சம்தானே சார்?"

"அந்த மிச்சம் களை பறிக்கிற ஆளுங்க கூலிக்கே சரியாப் போயிடும்."

"இயற்கைத் தக்காளிக்கு ரெட்டிப்பு விலை சார்."

"யாரு இல்லைன்னு சொன்னாங்க? ஆனா இயற்கை விளைச்சல்னு சான்றிதழ் கைக்கு வர மூணு வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் புழு தின்னது போக மிச்சத்தைத்தான் விப்பீங்க. அதுவும் பக்கத்துத் தோட்டக்காரர் விக்கிற விலைக்கே."

தக்காளிக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், எதைச் சொன்னாலும் மேனேஜர் ஊதித் தள்ளினார். இப்படி ஓட்டைக் கணக்கோடு கடன் கேட்க வருவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"நீங்க கணக்குத் தெரியாதவர் இல்லை. இத்தனை வருஷத்துல ஒரு தவணை தவறினதில்லை. இப்ப ஏன் இந்தப் பிடிவாதம்? பாதி நிலத்துலயாவது மருந்தடிங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"வேண்டாம் சார். இனிமே ஒரு சொட்டு மருந்துகூட எங்க வீட்டு வாசப்படி ஏறாது."

"அப்ப நியாயமா ஒரு காரணம் சொல்லுங்க."

தக்காளிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"லாபம்தான் சார். வேற என்ன?"

மேனேஜர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே போய் நின்றதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நம்ம பாப்பா போனதைச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் மனசு இரங்கியிருப்பாரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப நிலமும் போகப்போகுதே!"

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிப் போச்சுன்னு கேட்பாரு. அதையும் சொல்லிடலாம். மிச்சமான பூச்சிமருந்தை ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சது யாருன்னு கேட்டா, உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் என்னன்னு சொல்லுவேன்?"