தொட்டிக்குள் உள்வாங்கிய கடல்

தண்ணீர் மறுபடியும் இறங்கியிருந்தது. மோட்டார் வெறும் காற்றை உறிஞ்சிக் கொர்ரென்று கத்தியது.

"அண்ணே, இது சரியில்லை," என்றது நண்டு.

"கடல்னா உள்வாங்கும், திரும்பி வரும். கரையில பார்த்ததே இல்லையா? கல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடு," என்றது நத்தை.

இரண்டையும் கரையிலிருந்து ஒரே வாளியில் அள்ளிவந்து, இந்த வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தார்கள். ஒரு பெரிய முகம் தினமும் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்க்கும். அப்புறம் தீனி விழும். கொஞ்ச நாளாக அந்த முகம் வரவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தமும் இல்லை. தொட்டி விளக்கு மட்டும் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

"இங்கே தண்ணி ஏறி நீங்க பார்த்திருக்கீங்களா? இறங்க மட்டும்தான் செய்யுது. உப்பு வேற கண்ணை எரிக்குது."

"அவசரக்குடுக்கை! நட்சத்திர மீன் அக்காவைப் பாரு, எவ்வளவு பொறுமையா இருக்கா."

நண்டு போய் அக்காவைத் தொட்டது. அக்காவின் ஒரு கை கழன்று கொடுக்கோடு வந்துவிட்டது.

"அண்ணே, அக்கா பேச மாட்டேங்குது."

"தூங்குறா. தண்ணி வந்ததும் எழுந்துருவா."

நத்தை ஓட்டுக்குள் போய் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும், நாளுக்கு நாள் மெலிந்து, வந்துகொண்டிருந்தது: "கல்லை விட்டுடாதே தம்பி. கல்லை விட்டுடாதே."

நண்டு கல்லை விட்டுவிட்டு, தொட்டி மூலையில் இருந்த குழாயைப் பிடித்து மேலே ஏறியது.